இரண்டு படி கீழே

மேடம் என்று சகாயராணி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. பதினான்கு மாதத்துக்கு முன்னால் மணப்பாறையிலிருந்து வந்து இந்த மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க நின்று, "அக்கா, ஃபேனுக்குக் கீழ செத்த உக்காந்துக்கவா" என்று கேட்ட நிமிஷத்திலிருந்து கோமளா அவளுக்கு அக்காதான். ஆபீஸில் வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதலாளி தனபாலன்கூட 'இந்தாம்மா' என்பதோடு நிறுத்திக்கொள்வார். இப்போது செல்போனில் வந்து உட்கார்ந்திருக்கிறது, முதல் வார்த்தையே மேடம். மேடம், ஐ ஆம் ஃபைன். ஐ ஆம் லிட்டில் அன்ஈஸி. ப்ளீஸ் டு நாட் வொரி. தேங்க்யூ. குரல் இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை, வியாழக்கிழமை மத்தியானம், பாத்திரம் கழுவுகிற தண்ணீர்ச் சத்தத்தோடு இரண்டு நிமிஷம் மூன்று நிமிஷம் தமிழில் பேசி அனுப்புகிறவள், இன்றைக்கு நாலே வரி இங்கிலீஷில் எழுதி அனுப்பியிருக்கிறாள். நல்ல இங்கிலீஷ். 'லிட்டில்' என்பதற்கு முன்னால் ஓர் 'ஏ' விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்த 'ஏ' இல்லாததுதான் முதலில் தன் கண்ணில் பட்டது என்பதை நினைத்தபோது கோமளாவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது, அன்னாயன்ஸ். இல்லை, அதைவிடக் கொஞ்சம் கூட. பார், இப்போதும் வார்த்தைக்குப் படி எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

சுவரில் இரண்டு கடிகாரம். ஒன்று திருச்சிக்கு, ஒன்று அந்த ஊருக்கு. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஆபீஸ் என்றால் இரண்டு கடிகாரம் மாட்டித்தான் ஆக வேண்டும் என்பது தனபாலனின் கட்சி. வருகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை பிறக்குமாம். இங்கே இரண்டரை, அங்கே பன்னிரண்டு. ஒரு மணிக்கு அங்கே ஆபீஸைப் பூட்டிவிட்டுப் போனால் வெள்ளியும் சனியும் ஈ காக்காய் வராது, அப்புறம் ஞாயிறு காலைதான். ஆக ஒரு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் மெயில் போக வேண்டும். கோமளாவின் உத்தியோகம் இதுதான்: வளைகுடாவில் வீட்டுவேலைக்குப் போயிருக்கிற பெண்கள் வாட்ஸப்பில் தமிழில் சொல்லி அழுவதை இங்கிலீஷில் எழுதி அந்த ஊர் ஆபீஸுக்கு அனுப்புவது. அந்த ஆபீஸ்காரர் அதை அவர்கள் வேலை செய்கிற வீட்டுக்கே அனுப்பிவிடுவார். ஓர் எழுத்து மாற்றாமல், அப்படியே. அதனால்தான் இங்கே ஒரு பழக்கம் உண்டாயிற்று. எந்த உணர்ச்சியையும் உள்ளது உள்ளபடி எழுதக் கூடாது. இரண்டு படி கீழே இறங்கித்தான் எழுத வேண்டும். பூசி மெழுகுவது என்று வெளியே இருப்பவர்கள் சொல்லலாம். உள்ளே இருப்பவர்களுக்கு அது கருணை. முத்தழகு விஷயத்துக்கு அப்புறம் வந்த கருணை.

முத்தழகை நினைக்கக் கூடாது என்றுதான் நினைக்கிறாள். ஆனால் வியாழக்கிழமை மத்தியானம், கீழே ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் மெஷின் சூடாகிற வாசனை ஜன்னல் வழியாக ஏறி வந்தால், முத்தழகும் கூடவே ஏறி வந்துவிடுவாள். கோமளா வேலைக்குச் சேர்ந்த புதிது. தபாலில் படித்து வாங்கிய எம்.ஏ. இங்கிலீஷை எங்கே காட்டலாம் என்று கை ஊறிக்கொண்டிருந்த காலம். "எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருதுங்க, அவங்க எம் புள்ளையப் பத்திப் பேசுனப்ப" என்று முத்தழகு சொன்னதை வெறுமனே ஆங்ரி என்று போட மனசு வரவில்லை. ஆங்ரி, பால் புட்டியைப் பிடுங்கினால் குழந்தைக்குக்கூட வரும். ஆத்திரத்துக்கு அது போதாது. தேடிப் பிடித்து ஃப்யூரியஸ் என்று எழுதினாள். சரியான வார்த்தை வாய்த்த சந்தோஷத்தில் அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அல்வா வாங்கித் தின்றாள். அந்த அல்வா இன்னமும் தொண்டையில் நிற்கிறது. அந்த வீட்டில் மெயிலைப் படித்தார்கள். குழந்தைகள் இருக்கிற வீட்டில் ஃப்யூரியஸ் ஆன வேலைக்காரியை வைத்துக்கொள்ளலாமா என்று பயந்துபோய் அவள் ஃபோனைப் பிடுங்கினார்கள். அப்புறம் இரண்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது வலது மணிக்கட்டு எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. "விழுந்துட்டேங்க" என்றாள். எங்கே, எப்படி, யார் வீட்டில், ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் தனபாலன் கதவைச் சாத்திவிட்டு உட்காரவைத்துச் சொன்னார். "இந்தாம்மா, நீ எழுதுறது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீ எழுதுற வார்த்தை அங்க போயி அந்தப் புள்ள தலையிலதான் விழுகுது. ரெண்டு படி எறங்கி எழுது." அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

அப்படித்தான் படிகளைக் கற்றுக்கொண்டாள். பயத்துக்கு மட்டும் ஏழெட்டுப் படி. ஆக அடியில் அன்கம்ஃபர்டபிள். அது பயமே இல்லை, புதுச் செருப்பு கடிக்கிற சங்கதி. அதற்கு மேலே அன்ஈஸி, இன்னதென்று சொல்லத் தெரியாமல் மனசு ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்பது. அப்புறம் வொரீட், அதற்குக் கையால் சுட்டிக்காட்ட ஒரு காரணம் உண்டு. ஆங்ஷியஸ் என்றால் காரணம் இன்னும் வந்து சேரவில்லை, வழியில் இருக்கிறது. அஃப்ரைடு, ஃப்ரைட்டண்டு என்று ஏறிப்போனால் உச்சியில் டெரிஃபைடு. டிரெட் என்று ஒன்று உண்டு, அது படிக்கட்டிலேயே சேராது, பக்கத்தில் தனியாக நிற்கும். நாயைப் பார்த்தால் வருவது ஃபியர். நாயைக் காணோம், சங்கிலி மட்டும் தரையில் இழுபடுகிற சத்தம் கேட்கிறது என்றால் அது டிரெட். மெயிலில் டிரெட் எழுதவே கூடாது, படிக்கிறவர் 'என்ன வரப்போகிறது' என்று கேட்டுவிடுவார். அப்செட் தங்கமான வார்த்தை. வயிற்றுக்கும் ஆகும், மனசுக்கும் ஆகும். ரெசென்ட்மென்ட் ஆகாது. அது மூடி போட்டு வைத்த கோபம். வீட்டுக்காரி சமையலறையைச் சந்தேகப்படத் தொடங்குவாள். டிஸ்டர்ப்டு என்றால் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிடுவார்கள். டிஸ்டிரெஸ்டு வக்கீல் வாசனை அடிக்கும். மெலன்கலி அழகுதான், ஆனால் அதற்கு ஜன்னலோரம் உட்காரக் கொஞ்சம் ஓய்வு வேண்டும், வேலைக்காரிக்கு அது வருமா. நம்பிக்கையே அற்றுப்போகிற டெஸ்பேரை அவள் இதுவரை யாருக்கும் எழுதியதில்லை. எல்லாப் படிகளுக்கும் கீழே, தரையோடு தரையாக, யார் மனசையும் புண்படுத்தாமல் ஒரு வார்த்தை படுத்திருக்கும்: ஹோம்சிக். ஊர் ஞாபகம். வீட்டுக்காரி படித்தால் 'ஐயோ பாவம்' என்பாள், கையில் நாலு பேரீச்சம்பழம் கொடுப்பாள். கோமளா மூன்று வருஷத்தில் எத்தனை பேரை ஹோம்சிக் ஆக்கியிருக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது.

எதிர் நாற்காலியில் துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்த பூங்கோதை ஃபாரம் நிரப்பிக்கொண்டிருக்கிறாள். அடுத்த மாதம் அவளும் போகிறாள். எழுத்துக்கூட்டி எழுதுகிறவர்களுக்கே உரிய மாதிரி நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் நிமிர்ந்து பார்க்கிறாள். "மேடம், இந்த எடத்துல எங்க வீட்டுக்காரரு பேரா, எங்கப்பா பேரா?" வீட்டுக்காரர் பேர்தான் என்றாள் கோமளா. இவளும் மேடம் என்கிறாள், அது காதில் உறுத்தவில்லை, இவள் வாயில் அது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சகாயராணி ஏன் அப்படி எழுதினாள்? யாராவது பக்கத்தில் நின்று படித்துக்கொண்டிருந்தால் அப்படி எழுதுவாள். அக்கா என்று எழுதினால் 'யார் அக்கா, என்ன அக்கா' என்று கேட்பார்கள். தமிழில் பேசினால் 'என்ன சொன்னாய்' என்று கேட்பார்கள். பாத்திரம் கழுவுகிற சத்தம். போன வாரம் அந்தச் சத்தம் இருந்ததா? இல்லை. போன வாரம் அனுப்பியது பத்து விநாடிதான்: "இந்த வாரம் ஒண்ணும் இல்லக்கா, சும்மாத்தான் இருக்கேன்." பின்னால் ஒரு சத்தமும் இல்லை. குழாய் மூடியிருந்தது. கோமளா அதைக் கேட்டுவிட்டு, அப்பாடா இந்த வாரம் மெயில் வேலை மிச்சம் என்று நினைத்தாள். நினைத்ததோடு டீ குடிக்கவும் போனாள். "மேடம், அந்த ஊர்ல பயமா இருக்காதுங்களா?" பூங்கோதை எழுதாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "மொதல்ல கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கும். அப்புறம் பழகிடும்" என்று கோமளாவின் வாய் சொன்னது. சொன்னபின்தான் அவளுக்குத் தெரிந்தது, இப்போது தமிழிலேயே இரண்டு படி இறங்கியாகிவிட்டது, அதுவும் யாரும் கேட்காமலே.

மேஜை டிராயரில் நீல அட்டை நோட்டு இருக்கிறது. கோடு போட்ட நோட்டு, பக்கத்தின் நடுவே ஸ்கேல் வைத்து ஒரு கோடு. இடது பக்கம் அவர்கள் சொன்னது, சொன்னபடியே, இருமல் பெருமூச்சோடு. வலது பக்கம் மெயிலில் போனது. யாரும் கேட்டு எழுதியதில்லை; எம்.ஏ. படிக்கிற காலத்தில் புது வார்த்தைகளை இப்படி எழுதிப் பழகியது, விடவில்லை. சகாயராணிக்கு மட்டும் இந்த நோட்டைப் பற்றித் தெரியும். "நீங்க என்னா எழுதுனீங்கன்னு எனக்கும் காட்டுங்கக்கா, நானும் நாலு வார்த்தை கத்துக்கறேன்" என்று கேட்டாள். என்ன தப்பு என்று ஒவ்வொரு மெயில் போனதும் அந்தப் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அவளுக்கு அனுப்புவாள் கோமளா. தன் பேரில் என்ன போகிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா. அவளும் படித்துவிட்டுச் சிரிப்பாள். "நீங்க எழுதுனதப் படிச்சா எனக்கே ஒண்ணும் ஆகலைன்னு தோணுதுக்கா." அது பாராட்டு என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டாள். டிராயரைத் திறந்து நோட்டை எடுக்கக் கை போகவில்லை. எடுக்காமலே அந்தப் பக்கம் தெரிகிறது. அன்ஈஸி. ஒரே ஒரு தடவைதான் அவளுக்கு அந்த வார்த்தையை எழுதியிருக்கிறாள். இடது பக்கத்தில்: 'நான் படுக்கற ரூமுக்குத் தாப்பாளக் கழட்டிட்டாங்கக்கா. பெரியவரோட தம்பி வந்ததுலேருந்துதான். நாற்காலிய முட்டுக் குடுத்துட்டுப் படுக்கறேன். நேத்து அந்த நாற்காலி நகந்துச்சு. நான் சத்தம் போடல, மூச்சே விடல. இன்னிக்கும் நகரும்க்கா, எனக்குத் தெரியும்.' வலது பக்கத்தில்: ஷீ ஃபீல்ஸ் எ லிட்டில் அன்ஈஸி இன் ஹெர் ரூம். இரண்டு படி இல்லை அது, ஐந்து படி. அங்கிருந்து ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது, அறையில் புது மின்விசிறி மாட்டிவிட்டோம் என்று. கோமளா அதையும் நோட்டில் எழுதிவைத்தாள்.

தனபாலன் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, தயிர்சாதம் சாப்பிட்ட கையைத் துடைத்தபடி வந்தார். "என்னம்மா, மணப்பாறப் புள்ள அனுப்பிருச்சா?" கோமளா போனைக் காட்டினாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். அவர் முகம் மலர்ந்தது. நிஜமாகவே மலர்ந்தது, நடிப்பில்லை. "அட, இங்கிலீஷ்லயே அனுப்பிச்சிருக்கே. தேறிருச்சு போ. அப்ப உனக்கு வேலை மிச்சம், அப்படியே ஃபார்வர்டு பண்ணிட்டு வேற சோலியப் பாரு." கோமளா, "இல்ல சார், இது வந்து" என்றாள். எது வந்து? அன்ஈஸி என்றால் அன்ஈஸி இல்லை என்று அவரிடம் எந்த மொழியில் சொல்வது? "என்ன வந்து? கொஞ்சம் மனசு சரியில்லைங்குது. வீட்டு வேலைக்குப் போன எடத்துல மனசு சரியாவா இருக்கும்? ஃபைன்னும் போட்டிருக்கு பாரு. மொத வரியே ஃபைன்னுதான்." இந்த ஆபீஸில் மொழிபெயர்க்கத் தேவையில்லாமல் வந்த முதல் செய்தி அது. மூன்று பேர் படித்தாகிவிட்டது: எழுதச் சொல்லிப் பக்கத்தில் நின்றவர், தனபாலன், கோமளா. இரண்டு பேருக்கு அது புரிந்துவிட்டது, புரிந்ததில் தப்பே இல்லை. எழுதியவளைத் தவிர உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் அதற்கு வேறு அர்த்தம் தெரியும். அவர் தோளுக்கு மேலே கடிகாரம் பன்னிரண்டு இருபது காட்டியது. தனபாலன் உள்ளே போய்ப் பூங்கோதையின் போட்டோக்களைச் சரிபார்க்கத் தொடங்கினார்.

சின்ன வார்த்தைகள் ஒருவரைக் காப்பாற்றும் என்று கோமளா நம்பியதற்குக் காரணம் தனபாலன் மட்டும் இல்லை. அவளுடைய விவாகரத்து மனுவில் வக்கீல் ஒரே வார்த்தை எழுதினார்: இன்கம்பேட்டிபிள். ஒத்துப்போகவில்லை. அந்த வார்த்தைக்குள் கொதிக்கிற கஞ்சிப் பானை ஒன்று இருந்தது, இடது தொடையில் இன்னும் உரிந்த இடம் பளபளக்கிறது, கோர்ட்டில் யாருக்கும் அது தெரியாது. தெரிய வேண்டாம் என்பதே எவ்வளவு நிம்மதியாக இருந்தது. வெளுத்த சேலை உடுத்திக்கொண்டு வெளியே வந்த மாதிரி அந்த வார்த்தைக்குள்ளிருந்து நடந்து வந்தாள். அதையேதானே எல்லாருக்கும் செய்கிறேன் என்று நினைத்திருந்தாள். ஆனால் அவள் அந்த வார்த்தையை எழுதவிட்டது வீட்டைவிட்டு வெளியே வந்த பிறகு. உள்ளே இருக்கும்போதே எழுதியிருந்தால்? பானை அடுப்பிலிருக்கும்போது, புருஷன் கரித்துணியால் அதைப் பிடித்துத் தூக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரம்மா சுவருக்கு அப்பாலிருந்து 'என்ன சத்தம்' என்று கேட்க, 'ஒண்ணுமில்லக்கா, கொஞ்சம் ஒத்துப்போகல' என்று சொல்லியிருந்தால்? பூங்கோதையின் பேனா கிறுக்குகிற சத்தம். லேமினேஷன் வாசனை. கோமளா ஆர் யூ ஃபீவர் என்று சகாயராணிக்கு ஒரு பதில் அடித்தாள், பக்கத்தில் நின்று படிக்கிறவருக்கும் பாதகமில்லாத கேள்வி. தப்பான இங்கிலீஷ், வேண்டுமென்றே. இரண்டு டிக் விழுந்தது. போன் அந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறது. அவ்வளவுதான், பெரிதாக ஒன்றுமில்லை, அவளுக்கு உடம்புதான் சரியில்லையோ என்னவோ என்று மனசு தன்னைத்தானே தட்டிக்கொடுக்கப் பார்த்தது. அன்ஈஸி என்பதை அவள் சும்மா அகராதிப்படியே எழுதியிருக்கலாம். ஒருவேளை நோட்டுப் பக்கமெல்லாம் அவளுக்கு மறந்துபோயிருக்கலாம். மறந்திருப்பாளா? நாற்காலி நகர்ந்ததை மறந்திருப்பாளா?

போன் மேஜைமேல் ஒரு தடவை நடுங்கி அடங்கியது. நோ ஃபீவர் மேடம். டுடே ஐ ஆம் ஒன்லி ஹோம்சிக். அவ்வளவுதான். கோமளாவின் காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டது. ஃபேன் சத்தம் தூரமாகப் போயிற்று. ஹோம்சிக். தரையோடு தரையாகக் கிடக்கிற வார்த்தை, யாரும் தடுக்கி விழாத வார்த்தை. இப்போது டிராயரைத் திறந்தாள், திறந்து எடுத்தாள், எடுக்காமல் முடியவில்லை. சகாயராணிக்கு ஹோம்சிக் என்று எழுதியது எத்தனை தடவை? ஒரே தடவை, ஐந்து வாரத்துக்கு முன்னால். இடது பக்கம்: 'மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போறேன்ல, அங்கேயே நின்னுடறேன்க்கா. கைப்பிடிச் சொவரு இடுப்புக்கும் கீழதான். எட்டிப் பாத்துட்டே நிக்கறேன், கை பக்கெட்ட விட்டுருது. அப்புறம் எம் மக ஞாபகம் வந்துரும், எறங்கி வந்துர்றேன். இன்னிக்கும் வந்துட்டேன்.' பக்கத்தில் சின்ன எழுத்தில் அன்றைக்கு அவளே எழுதிப் பார்த்து அடித்த வார்த்தைகள் கிடக்கின்றன. டெஸ்பேர், அடித்திருக்கிறது. ஹோப்லெஸ், அடித்திருக்கிறது. டிஸ்டிரெஸ்டு, பாதியில் நின்றிருக்கிறது. மகள் ஞாபகம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டாள் அன்று. மகள் ஞாபகம் என்றால் ஊர் ஞாபகம்தானே, பொய் இல்லையே. ஒன்பது வயசுப் பிள்ளை, மணப்பாறையில் சித்தி வீட்டில் வளர்கிறது. அந்தப் பிள்ளையின் ஞாபகம்தான் சுவரிலிருந்து அவளைக் கீழே இறக்கிக்கொண்டுவந்தது. அவளை உயிரோடு வைத்திருந்த ஒன்றைப் பிடித்து, அதையே வியாதி என்று வலது பக்கத்தில் எழுதிவிட்டாள் கோமளா. ஷீ இஸ் ஹோம்சிக் ஃபார் ஹெர் டாட்டர். அதை அழகாக ஃபோட்டோ எடுத்து அவளுக்கே அனுப்பியும் வைத்தாள். அவள் அதற்கு ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினாள்.

ராணி, எங்க இருக்க, என்று தமிழில் அடித்தாள். யார் பார்த்தால் என்ன. ஒற்றை டிக். காத்திருந்தாள். ஒற்றை டிக்தான். கூப்பிட்டாள், எங்கோ ஒரு பெண் குரல் அரபியிலும் இங்கிலீஷிலும் ஏதோ சொல்லிவிட்டு ஓய்ந்தது. பன்னிரண்டு நாற்பது. அந்த ஊர் ஆபீஸுக்கு எழுதலாம், டெரிஃபைடு என்று எழுதலாம், டெஸ்பேர் என்று எழுதலாம். அது அப்படியே அந்த வீட்டுக்குப் போகும், முத்தழகுக்குப் போன மாதிரி. எழுதாமல் ஃபார்வர்டு செய்யலாம். ஹோம்சிக் என்று வீட்டில் படிப்பார்கள், நாலு பேரீச்சம்பழம். தூதரகத்தைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் முதலில் கேட்பார்கள், இத்தனை நாளாக ஏன் புகார் இல்லை என்று. புகார் இருக்கிறதே, பதினோரு மெயில் இருக்கிறதே. அப்செட், அன்கம்ஃபர்டபிள், எ பிட் டயர்டு, அன்ஈஸி, ஹோம்சிக். பதினொன்றின் அடியிலும் கே. கோமளவல்லி. அந்த வீட்டுக்காரர்கள் தங்கள் பக்கம் பேச வக்கீல் வைக்க வேண்டாம், இவள் எழுதியதை எடுத்துக் காட்டினால் போதும். அது மட்டுமா, பேப்பரில் சகாயராணிக்கு ஆபீஸ் துப்புரவு வேலை. போன இடம் வீடு. தூதரகம் உள்ளே வந்தால் தனபாலன் வெளியே நிற்க முடியாது, இவளும் நிற்க முடியாது. நாற்பத்திமூன்று வயசில், தபால் எம்.ஏ.வை வைத்துக்கொண்டு, எந்த ஆபீஸில் போய் உட்காருவாள். பயமாக இருந்தது. அதை எந்தப் படியில் வைப்பது என்று பார்க்கப் போன மனசை அப்படியே நிறுத்தினாள். பயம், அவ்வளவுதான், வெறும் பயம், தமிழ்ப் பயம்.

எழுந்து போய்க் காலண்டரைத் தூக்கினாள். அதற்குப் பின்னால், பசை காய்ந்து ஓரம் சுருண்ட தாளில், அந்த நாட்டிலிருக்கும் இந்தியத் தூதரகத்தின் உதவி எண். போன தீபாவளிக்குத்தான் அதன்மேல் காலண்டரை மாட்டினார்கள், ஆணி அங்கேதான் இருந்தது என்று. ஆபீஸ் போனை எடுத்து எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். "யாருக்கும்மா?" என்றார் தனபாலன், கண்ணாடிக்கு உள்ளேயிருந்து. அவள் திரும்பவில்லை. மணி போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஒருவர் எடுத்தார். இவள் இங்கிலீஷில் இரண்டு வாக்கியம் பேசியதுமே, "தமிழா? தமிழ்லயே சொல்லுங்கம்மா, நானும் தமிழ்தான். அந்தப் பொண்ணுக்கு என்ன பிரச்சனை?" என்றார். கோமளா வாயைத் திறந்தாள். "அவளுக்குக் கொஞ்சம்" என்றாள். நின்றாள். கொஞ்சம். நாக்கு நுனியில் எவ்வளவு இயல்பாக வந்து உட்காருகிறது. எதிரே பூங்கோதை பேனாவைக் கீழே வைத்துவிட்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனபாலன் கதவருகே வந்து நின்று, வேண்டாம் என்று கையை அசைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. கோமளா நோட்டை விரித்து வைத்துக்கொண்டாள். "கொஞ்சம் இல்லைங்க. அவ சொன்னதை அப்படியே வாசிக்கிறேன், கேளுங்க" என்று சொல்லி, இடது பக்கத்தை வாசிக்கத் தொடங்கினாள். தாழ்ப்பாளை வாசித்தாள். நாற்காலியை வாசித்தாள். நாற்காலி நகர்ந்ததை வாசிக்கும்போது குரல் உடைந்தது, உடைந்தபடியே வாசித்தாள். துணி பக்கெட்டை வாசித்தாள், இடுப்புக்கும் கீழே இருக்கிற சுவரை வாசித்தாள். பூங்கோதை தன் ஃபாரத்தை எடுத்து மடியில் வைத்து, சத்தமில்லாமல் இரண்டாக மடித்தாள்.

அந்தப் பக்கம் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. "இதை நீங்க அந்த ஆபீஸுக்குத் தெரியப்படுத்தினீங்களாம்மா? என்னன்னு எழுதினீங்க?" இதைத்தான் கேட்பார்கள் என்று தெரியும். கோமளா வலது பக்கத்துக்கு விரலை நகர்த்தினாள். "ஹோம்சிக்னு எழுதினேன்" என்றாள். அந்த மனிதர் யாரிடமோ வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, பாஸ்போர்ட் எண் கேட்டார், தெருப் பேர் கேட்டார். "கடைசியா மெசேஜ் வந்து எவ்வளவு நேரமாச்சு?" அரை மணி நேரம் இருக்கும், என்றாள். "என்ன போட்டிருக்காங்க?" அதே வார்த்தைதான், என்றாள். மேஜைமேல் இருந்த தன் செல்போனைப் பார்த்தாள். ஒற்றை டிக். சுவரில் அந்த ஊர்க் கடிகாரத்தில் ஒரு மணி ஆகியிருந்தது. வெயில் உச்சியில் நிற்கிற நேரம், துணி காயப்போடுகிற நேரம். "வீடு எத்தனை மாடிம்மா?" என்று கேட்டார் அவர்.

"மூணு" என்றாள் கோமளா.